புகை மணக்காத சட்டை

சனிக்கிழமை காலை. துணி துவைக்கும் மெஷின் முன்னால் குந்தியிருந்தவள் கணவனின் நீலச் சட்டையை உள்ளே போடப் போய், பாதியில் கையை நிறுத்தினாள். சட்டையை மூக்கருகே கொண்டுபோனாள். காலரை முகர்ந்தாள், கைமடிப்பை முகர்ந்தாள், பையை வெளியே இழுத்துவிட்டு அதையும் முகர்ந்தாள். சிகரெட் நாற்றம் துளிகூட இல்லை.

அவன் லிஃப்ட் மெக்கானிக். வாரத்தின் மற்ற நாட்களில் அவன் சட்டையில் கிரீஸ் மணக்கும், இரும்புத் தூள் மணக்கும், லிஃப்ட் குழிகளுக்குள் தேங்கிக் கிடக்கும் ஈரப் புழுக்கம் மணக்கும். வெள்ளிக்கிழமைச் சட்டை மட்டும் தனி ரகம். அன்றைக்கு வேலை முடிந்ததும் கம்பெனி ஆட்கள் ஐந்தாறு பேர் ஒரு பாருக்குப் போவார்கள். அங்கேதான் அவன் சிகரெட் பிடிப்பான். நாலு, மிஞ்சிப்போனால் ஆறு. மறுநாளிலிருந்து அடுத்த வெள்ளி வரை தொடமாட்டான். "நான் சிகரெட் பிடிக்கிற ஆள் இல்ல, வெள்ளிக்கிழமை பிடிக்கிற ஆள்" என்று ஏதோ அரசாங்க உத்தியோகம் மாதிரி சொல்லிக்கொள்வான். கல்யாணமாகிப் பதினோரு வருடம். அந்தச் சட்டையை மகளின் துணியோடு கலக்காமல் தனியாக ஊறப்போட்டு, மூக்கைச் சுளித்து, முணுமுணுத்து, சண்டை போட்டு, அலுத்துப்போயிருந்தாள்.

அப்படியானால் இன்றைக்கு அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் சட்டையை மெஷினுக்குள் போடாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

ஏனென்றால் அவன் நேற்று வழக்கம்போலப் பத்து மணிக்குத்தான் வந்தான். "எல்லாரும் வந்திருந்தாங்களா?" என்று கேட்டதற்கு, "வழக்கம்போலதான்" என்றான். அந்தப் பாரின் வாசலை அவளுக்குத் தெரியும். ஒருமுறை மறந்துவிட்டுப் போன வீட்டுச் சாவியைக் கொடுக்கப் போயிருந்தாள். தகரக் கூரைக்குக் கீழே தோளோடு தோள் இடிக்க நின்று ஊதித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஐந்தே நிமிடம்தான் நின்றாள். மறுநாள் தலைக்குக் குளிக்கிற வரை கூந்தல் நாறியது. அவன் சிகரெட்டைத் தொடாமலே இருந்திருந்தாலும், அந்தக் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் நின்றிருந்தால் சட்டை சும்மா வந்திருக்குமா?

அவன் அங்கே இல்லை. அவ்வளவுதான். எங்கே இருந்தான் என்பதுதான் கேள்வி.

இந்த மாதிரி விஷயங்களில் அவளுக்குச் சீக்கிரம் மூக்கில் வேர்த்துவிடும். தொழில் அப்படி. பல் செட் செய்கிற லேபில் வேலை. பல் டாக்டர்கள் வாயில் எடுத்து அனுப்பும் அச்சுகளில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு செதுக்கி, ஒவ்வொரு பல்லாகப் பொருத்தி, பளபளப்பாக்கி அனுப்பவேண்டும். பழைய செட் பழுதுபார்க்க வந்தால் ஆளைப் பார்க்காமலே சொல்வாள்: இவர் தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர், இந்த அம்மா ஒரு பக்கமாகவே மெல்லுகிறார், இவர் டாக்டரிடம் புகையை விட்டுவிட்டேன் என்று சொன்னது பொய். பின்பக்கத்துக் கறை பொய் சொல்லாது. லேபில் இருப்பவர்கள் அவளைப் "பல்லக்கா" என்றே கூப்பிட்டார்கள். அவளுக்கு அந்தப் பெயரில் ஒரு ரகசியப் பெருமை உண்டு.

அந்த வாரம் முழுக்க அவள் ஒன்றும் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சாப்பிட்டான், மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தான், செய்தி பார்த்தபடியே தூங்கிப்போனான். திருட்டு முழி எதுவும் இல்லை. அதுவே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

இரண்டாவது வெள்ளி வந்தது. மறுநாள் காலை வீட்டில் எல்லாரும் எழுவதற்கு முன்பே சட்டையை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். சிகரெட் இல்லை. வேறு ஒரு வாசனை இருந்தது, காரமாக, இனிப்பாக. எங்கேயோ பழகிய வாசனை. ஒரு நிமிடம் பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது. கிராம்பு.

முதலில் அது தன் கையின் வாசனை என்றுதான் நினைத்தாள். டாக்டர்கள் அச்செடுக்கும் பசையில் கிராம்பு எண்ணெய் உண்டு. லேபே அந்த வாசனையில் ஊறிக் கிடக்கும். கையைச் சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவிவிட்டு வந்து மறுபடி முகர்ந்தாள். கையில் இல்லை. சட்டையில்தான்.

இதை அவள் தங்கையிடம் சொல்லியிருக்கக் கூடாது. தங்கை இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருந்தாள். பஸ் டிக்கெட் முன்பதிவுக் கவுன்டரில் உட்கார்ந்து நாள் முழுக்க ஊர் மக்களின் போக்குவரத்தைப் பார்ப்பவள். யார் யாரோடு எங்கே போகிறார்கள் என்பதில் அவளுக்கு ஆராய்ச்சிப் பட்டமே கொடுக்கலாம். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதனாலேயே ஆண்களைப் பற்றி எல்லாம் தெரியும் என்று பேசுவாள்.

"கிராம்பா? நல்லாப் பாத்தியா?"

"பதினாறு வருஷமா அதுலதானடி கெடக்கேன். எனக்குத் தெரியாதா?"

தங்கை டீயை ஊதிக் குடித்தாள். "அக்கா, உன் லேப்ல அடிக்கிற வாசனை வேற எங்க அடிக்கும்?"

"பல் கிளினிக்ல."

"நீ செட் கொண்டுபோய்க் குடுப்பியே, கால்வாய்ப் பக்கம், அந்த கிளினிக். அங்க முன்னாடி ஒரு பொண்ணு உக்காந்திருக்கும்னு சொல்லுவியே. பல்லு ஒண்ணொண்ணும் முத்து மாதிரி இருக்கும்னு நீயே மெச்சினியே."

"அதுக்கு?"

"அந்தக் கட்டடத்து லிஃப்ட்ட போன மாசம் ரிப்பேர் பண்ணது யாரு?"

அவள் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். பண்ணியது அவள் கணவன்தான். மூன்று நாள் வேலை. 'உங்க கிளினிக் கட்டடத்துலதான் இன்னைக்கு வேல' என்று அவனே வீட்டில் சிரித்தபடி சொன்னான்.

"அத்தான் தங்கமான ஆளுதான். நான் ஒண்ணும் சொல்லலப்பா. நீயே யோசிச்சுக்கோ" என்று தங்கை எழுந்து போய்விட்டாள். கொளுத்திப் போட்டுவிட்டுப் போவதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

அடுத்த செவ்வாய், கிளினிக்குக்குப் போகவேண்டிய செட்டை டெலிவரி ஆளிடம் கொடுக்காமல் தானே எடுத்துக்கொண்டு போனாள். நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டியிருந்தாள். எதற்கு என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை.

முன்மேசைப் பெண் அவளைப் பார்த்ததும் முத்துப் பல் தெரியச் சிரித்தாள். "வாங்கக்கா! நீங்களே வந்துட்டீங்க?"

"இந்தப் பக்கம் ஒரு வேலை இருந்துச்சு. லிஃப்ட்டு இப்ப நல்லா ஓடுதே?" என்று மெல்லத் தூண்டிலைப் போட்டாள்.

"ஆமாக்கா, ரிப்பேர் பண்ண அண்ணன் நல்ல வேலைக்காரரு. நல்ல பேச்சுக்காரரும்கூட."

"என்ன பேசினாரு?"

"என்னக்கா?"

"இல்ல, சும்மாதான். பேச்சுக்காரருன்னியே."

"பல்லப் பத்திதாங்கா. 'பல்லுல கறை புடிச்சா போகுமா, எவ்வளவு நாள்ல போகும்'னு கேட்டாரு. டாக்டர் பாக்கறாரு, வாங்கன்னேன். சிரிச்சுட்டுப் போயிட்டாரு."

அந்தப் பெண் கைபேசியை எடுத்து மேசைக்கு அடியில் எதையோ பார்த்தாள், சிரித்துக்கொண்டாள், கவிழ்த்து வைத்தாள். கிளினிக் வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு மூடும் என்று கேட்டதற்கு ஏழரை என்றாள். பத்து மணிக்கும் ஏழரைக்கும் நடுவில் இரண்டரை மணி நேரம். அவள் லிஃப்ட்டுக்குக் காத்திராமல் படியிறங்கினாள். பல்லை வெளுப்பாக்கிக்கொள்ள நினைக்கிற ஆண் யாருக்காக வெளுப்பாக்கிக்கொள்வான்? பதினோரு வருடமாக அவன் பல்லை இலவசமாகச் சோதித்துக் குறை சொல்ல வீட்டிலேயே ஆள் இருக்கும்போது, அந்தப் பெண்ணிடம் என்ன கேள்வி?

மூன்றாவது வெள்ளிக்கிழமை இரவு எட்டே முக்காலுக்கு அவள் 'ஸ்பேனரு'க்குப் போன் போட்டாள். ஸ்பேனர் அவனோடு ஜோடியாக வேலை செய்பவன். சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்பேனர் துருத்திக்கொண்டிருப்பதால் அந்தப் பெயர். கல்யாண வீட்டுக்கே அதோடுதான் வந்தான். வாய் நிறைய "அண்ணி, அண்ணி" என்பான்.

"என் போன்ல அவருக்கு லைன் கெடைக்கல. பக்கத்துல இருக்காரா?" கணவனுக்கு அவள் போனே செய்திருக்கவில்லை.

பின்னால் ஒரே இரைச்சல். ஸ்பேனர் ஒரு கணம் தடுமாறினான். "இருக்கான் அண்ணி... இங்கதான் இருக்கான். பாத்ரூம் போயிருக்கான்."

"சரி, வந்ததும் பேசச் சொல்லுங்க."

"வயிறு சரியில்ல போல அண்ணி. கொஞ்சம் நேரமாகும்."

"எவ்வளவு நேரம்?"

"அது... வயித்தப் பொறுத்துதான அண்ணி."

போனை வைத்துவிட்டுச் சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? நண்பர்களே சேர்ந்து மறைக்கிறார்கள். பத்து மணிக்கு வீடு திரும்பியவனுக்கு வயிறு நன்றாகவே இருந்தது. இரண்டு தட்டு சோறு சாப்பிட்டான். காலுறையைக் கழற்றும்போது குதிகாலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. "என்ன இது?" என்றாள். "ஷூ கடிச்சிருச்சு" என்றான். ஏழு மாதமாகக் கடிக்காத ஷூ.

அன்றிரவு அவன் குறட்டை விட, இவள் விழித்துக் கிடந்தாள். அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. எடுத்துவைத்த பல் வரிசை கடைசியில் சரியாகக் கடிக்காதபோது வருகிற எரிச்சல் மாதிரி ஏதோ ஒன்று. எல்லாம் பொருந்துகிறது, ஒன்று மட்டும் இடிக்கிறது. இந்த ஆள் இதற்கெல்லாம் சாமர்த்தியம் உள்ளவன் இல்லை. மகள் பிறந்தநாளுக்கு வாங்கிய பொம்மையைக்கூட அரை நாள் ஒளித்துவைக்கத் தெரியாமல் உளறியவன். ஒருவேளை இவ்வளவு நாளும் அதுவே நடிப்போ?

நான்காவது வெள்ளிக்கிழமை மகளைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு, பாருக்கு எதிரே இருந்த மருந்துக்கடை நிழலில் போய் நின்றாள். தலையைச் சால்வையால் மூடியிருந்தாள். ஏழரை மணி. சந்தில் போய் வருகிறவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். தன்னை நினைத்துத் தனக்கே கூசியது. ஆனாலும் காலை எடுக்க மனமில்லை.

ஆச்சரியம், அவன் உள்ளேதான் இருந்தான். எட்டு மணிக்கு அந்தக் கூட்டம் சிரிப்பும் சத்தமுமாகத் தகரக் கூரைக்குக் கீழே வந்து நின்றது. அவனும் கூட வந்தான். ஸ்பேனர் பாக்கெட்டைத் திறந்து ஒவ்வொருவராக நீட்டினான். அவன் முறை வந்தது. அவன் இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு தலையை ஆட்டினான். ஸ்பேனர் ஏதோ கேலி பேச, எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். பிறகு, ஒருவன் தீக்குச்சியைக் கிழித்த நேரத்தில், மிரண்டவன் போல விருட்டென்று கூட்டத்தை விட்டு விலகி நடக்க ஆரம்பித்தான். வீட்டுக்குப் போகும் திசைக்கு நேர் எதிர்த் திசையில்.

அவள் பின்னால் போனாள்.

அவன் அசாத்திய வேகத்தில் நடந்தான். பாலத்தில் ஏறி இறங்கினான். கால்வாய்க் கரைத் தெருவில் திரும்பினான். அவளுக்கு மூச்சு இரைத்தது. கிளினிக் கட்டடத்தின் முன்னால் வந்ததும் அவன் நின்றான்.

'கையும் களவுமாகப் பிடித்தேன்' என்று மனம் கூவியது. கூடவே, 'பிடிக்காமலே திரும்பிப் போயிருக்கலாம்' என்றும் சொன்னது.

கிளினிக் இருட்டாக இருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருந்ததும் அதை அல்ல. அதன் பக்கத்திலிருந்த பெட்டிக்கடையை. கடைக்காரர் தலைக்கு மேலே அடுக்கியிருந்த சிகரெட் பாக்கெட்டுகளை நோக்கிக் கையைத் தூக்கினார். அவன் ஏதோ சொன்னான். கை இறங்கித் தண்ணீர் பாட்டிலை எடுத்தது. அவன் அங்கேயே நின்று அதை மடமடவென்று குடித்து முடித்துவிட்டு மறுபடி நடந்தான். விளையாட்டு மைதானத்தின் வெளிச்சுவரை ஒட்டி ஒரு சுற்று. மீண்டும் பாலம். மீண்டும் கால்வாய். இரண்டாவது சுற்று மைதானம். யாரையும் அவன் சந்திக்கவில்லை. போனை எடுக்கவில்லை. எந்த வீட்டு வாசலிலும் நிற்கவில்லை. மூன்றாவது முறை மைதானத்தை நோக்கித் திரும்பியபோது அவளுடைய செருப்பு வார் கட்டைவிரலை அறுத்துவிட்டிருந்தது. பெட்டிக்கடைக்கு எதிரே இருந்த பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். சால்வை எப்போதோ தலையிலிருந்து வழுக்கியிருந்தது.

பத்து நிமிடத்தில் அவன் சுற்றை முடித்துக்கொண்டு அவளுக்கு நேர் எதிரே வந்து நின்றான்.

"நீ இங்க என்ன பண்ற? பாப்பாவுக்கு ஏதாச்சுமா?"

"பாப்பா தங்கச்சி வீட்ல இருக்கா. நல்லாத்தான் இருக்கா."

"அப்புறம்?"

பொய் ஒன்றும் சட்டென்று வாயில் வரவில்லை. "நீங்க என்ன பண்றீங்க இங்க?" என்றாள்.

அவன் அவள் காலைப் பார்த்தான், சால்வையைப் பார்த்தான், அவள் வந்த திசையைப் பார்த்தான். லிஃப்ட் ஏன் நின்றது என்று கண்டுபிடிப்பவனுக்கு இது எம்மாத்திரம்? "எங்கிருந்து பின்னாடியே வர்ற?"

"பார்லருந்து."

"எதுக்கு?"

அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். சட்டை, கிராம்பு, பாத்ரூமில் ஸ்பேனர் பூட்டி வைத்த வயிறு, பிளாஸ்திரி, கிளினிக்குப் பெண்ணின் முத்துப் பல். சொல்லச் சொல்ல அது பைத்தியக்காரத்தனமாகத் தன் காதிலேயே விழுந்தது. கிளினிக்குப் பெண் என்றதும் அவன் சிரித்துவிடுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து அவளுக்கும் தனக்கும் நடுவில் பெஞ்சில் வைத்தான். உள்ளே கிராம்பு.

"வாய்ல போட்டு மெல்லுவேன். வாய் மரத்துப் போகும். நெனப்பும் கொஞ்சம் மரத்துப் போகும்."

"சிகரெட்ட விட்டுட்டீங்களா?"

"நாலு வாரமா விட்டுட்டு இருக்கேன். விட்டாச்சான்னு எனக்கே தெரியல."

அவன் உட்கார்ந்தான். வேறு பக்கம் பார்த்தபடி பேசினான். "போன மாசம் ஒரு செவ்வாக்கிழம லிஃப்ட் குழிக்குள்ள நின்னுட்டு இருந்தேன். கை கேபிள்ல இருக்கு, மனசு வெள்ளிக்கிழமக்குப் போயிருச்சு. இன்னும் மூணு நாள், இன்னும் மூணு நாள்னு. ஆளுங்க நெனப்பு இல்ல, அரட்ட நெனப்பு இல்ல. சிகரெட் நெனப்பு மட்டும்தான். அப்பதான் பயம் வந்துச்சு. நான் வாரத்துக்கு ஒருநாள் பிடிக்கிறவன்னு நெனச்சுட்டு இருந்தேன். அது என்னைய வாரம் பூரா பிடிச்சுட்டு இருந்திருக்கு."

"அப்ப பாருக்கே போகாம இருந்திருக்கலாமே?"

"பதினஞ்சு வருஷமாக் கூட நிக்கிறவனுங்க. அவனுங்கள எதுக்கு விடணும்? அவனுங்க பத்த வைக்கிற வரைக்கும் இருப்பேன். பத்த வச்சா கெளம்பிருவேன். கால் வலிக்கிற வரைக்கும் நடந்தா ஆச அடங்கிரும். அதுக்கப்புறம் வீடு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

இதற்குத்தான் அவன் அவளை நேராகப் பார்த்தான். "சொன்னா சிரிப்ப."

"நான் ஏன் சிரிக்கப் போறேன்?"

"நாலு தடவ சிரிச்சிருக்க. முத தடவ 'பாக்கலாம் பாக்கலாம்'ன. ரெண்டாவது தடவ உங்க அம்மா வீட்ல எல்லாரும் சாப்புட்டுட்டு இருக்கறப்ப, 'இவரு விடப்போறாராம், எத்தன நாள்னு சொல்லுங்க'ன்னு தங்கச்சிகிட்ட பந்தயம் கட்டின. உங்க அப்பா முன்னாடி. எனக்குச் சோறு எறங்கல. மூணாவது தடவ..."

"போதும்" என்றாள் அவள். எல்லாம் ஞாபகம் இருந்தது. அந்தப் பந்தயத்தில் அவள் ஜெயித்திருந்தாள்.

அங்கேயே நிறுத்தியிருந்தால் ஒருவேளை அந்த இரவு வேறு மாதிரி முடிந்திருக்கும். ஆனால் நான்கு வாரமாக ஓடிக்கொண்டிருந்த சந்தேகம் பிரேக் போட்டதும் நிற்கிற வண்டி இல்லை. வாயிலிருந்து வந்துவிட்டது: "அப்ப அந்தப் பொண்ணுகிட்ட மட்டும் கறையப் பத்திக் கேக்கத் தெரிஞ்சுதா?"

அவன் எழுந்தான். பெட்டிக்கடைக்கு நடந்து போனான். கடைக்காரரின் கை மேலே போனது. இந்த முறை கீழே இறங்கவில்லை. அவன் ஒற்றைச் சிகரெட்டை வாங்கி, அங்கே தொங்கிய லைட்டரில் பற்றவைத்து, திரும்ப வந்து அவள் எதிரிலேயே நின்றான். கடைசி வரை இழுத்தான். அவசரமே படவில்லை. புகை நேராக அவள் முகத்துக்கு வந்தது.

"இப்ப மணக்குதா? இப்ப நிம்மதியாப் போச்சா?"

அவன் கேட்டது உண்மைதான். அந்த நாற்றம், பதினோரு வருடமாக அவள் திட்டித் தீர்த்த அதே நாற்றம், மூக்கில் ஏறிய முதல் நொடியில் நெஞ்சில் ஏதோ அப்பாடா என்று இறங்கியது. இது என் ஆள்தான், வேறு எங்கும் போகவில்லை என்று. மறு நொடியே தன்மேல் அப்படி ஒரு அருவருப்பு வந்தது. பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பஸ்ஸில் ஒன்றாகத்தான் திரும்பினார்கள். அவள் கட்டைவிரலில் ரத்தம் கசிந்ததைப் பார்த்துவிட்டு அவன் பர்ஸிலிருந்து ஒரு பிளாஸ்திரியை எடுத்துக் கொடுத்தான். கொடுத்தானே தவிர முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த இரண்டு வெள்ளிக்கிழமையும் அவன் பழையபடி நின்றான், பழையபடி பிடித்தான். வீட்டுக்குள் நுழையும்போதே தெரிந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. திறக்க முகம் இல்லை. அவனும் கோபமாக எதுவும் பேசவில்லை. "சாப்பாடு இருக்கா?", "பாப்பா தூங்கிட்டாளா?", அவ்வளவுதான். ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள் மாதிரி இருந்தார்கள்.

தங்கையிடம் நடந்ததைச் சொன்னபோது அவள் கொஞ்சம்கூட அசரவில்லை. "நல்லதாப் போச்சு. ஆனா ஒண்ணு யோசிச்சியாக்கா? நாலு வாரம் இவ்வளவு அழகா மறைக்கத் தெரிஞ்ச மனுஷன்..."

"வாய மூடு."

"நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"நீ என்ன சொல்ல வந்தேன்னு தெரியும். அதான் மூடுங்கறேன்."

அதற்கடுத்த ஞாயிறு அம்மா வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு எங்கெங்கோ சுற்றி அவன் மேல் வந்தது. தங்கையால் சும்மா இருக்க முடியுமா? "அத்தான் நாலு வாரம் தாக்குப் பிடிச்சாராம்பா! அவரு சரித்திரத்துலயே இதான் பெருசு" என்றாள். அப்பா மீசைக்குள் சிரித்தார். அவன் தட்டில் சோற்றை ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தான். பந்தயம் கட்டிய நாளிலும் இப்படித்தான் ஒதுக்கிக்கொண்டிருந்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"நாலு வாரம் அவரு தன்னால விட்டாரு" என்றாள். குரல் நினைத்ததைவிடப் பலமாக வந்தது. "ஒருத்தர்கிட்டயும் சொல்லாம, பக்கத்துல எல்லாரும் ஊதிட்டு இருக்கறப்ப, தனியா நடந்து நடந்து விட்டாரு. மறுபடி பிடிச்சது என்னாலதான். நான்தான் திருடனப் பிடிக்கிற மாதிரி பின்னாடியே போயி, இல்லாததச் சொல்லி, பிடிக்க வச்சேன். இத வச்சு இனிமே யாரும் சிரிக்காதீங்க. நானும் சிரிக்க மாட்டேன்."

மகள் மட்டும், "யாரு திருடன்?" என்று கேட்டாள். "உங்கம்மாதான் போலீசு" என்றார் அப்பா. யாரும் சிரிக்கவில்லை. அவன் தலை நிமிரவில்லை. ஆனால் ஒதுக்கிய சோற்றைச் சாப்பிட்டு முடித்து, மோருக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னான்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை ஒன்பதேகாலுக்கு ஸ்பேனர் தானாகவே போன் செய்தான். "அண்ணி, அன்னைக்குப் பொய் சொன்னதுக்கு மன்னிச்சிருங்க. அவன் எங்க போறான்னு சத்தியமா எங்களுக்கும் தெரியாது. வேற கம்பெனிக்கு இன்டர்வியூ போறான்னு நாங்க அவன் மேல ஒரே சந்தேகமா இருந்தோம். இன்னைக்குதான் வாயத் தொறந்தான். இப்பக் கெளம்பி நடக்கப் போயிட்டான். எங்க சுத்துறான்னு ஆள் அனுப்பவா?"

"வேண்டாம்" என்றாள் அவள். "நடக்கட்டும்."

சொல்லிவிட்டாளே தவிர, அரை மணி நேரம் ஜன்னலோரம்தான் நின்றாள். மனசு அவ்வளவு லேசில் திருந்துகிற சாமான் இல்லை. எந்தத் தெருவில் இருப்பான், யாரோடு இருப்பான் என்று அது பாட்டுக்குப் படம் போட்டுக்கொண்டிருந்தது. அவள் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டாள், அவ்வளவுதான்.

இதெல்லாம் நடந்து எட்டு மாதம் ஆகிறது. அவன் முழுக்க விட்டுவிட்டான் என்று சொன்னால் பொய். இந்த எட்டு மாதத்தில் மூன்று முறை தவறியிருக்கிறான். மூன்று முறையும் வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றுவதற்கு முன்னாலேயே அவளிடம் சொல்லிவிட்டான். கடைசியாகச் சொன்னது போன வாரம். ஒருவன் பதவி உயர்வு விருந்து கொடுத்தானாம்.

"இன்னைக்கு ஒண்ணு பிடிச்சுட்டேன்" என்றான் வாசலில் நின்றபடி.

ஒன்றா, இரண்டா, உண்மையிலேயே ஒன்றுதானா என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவன் அதைப் பார்த்துவிட்டான்.

"கேட்டுரு. உள்ள வச்சுட்டுத் தூங்காம கெடக்காத."

"ஒண்ணுதானா?"

"ஒண்ணே முக்கால். ரெண்டாவது ஸ்பேனரோடது. பிடுங்கி இழுத்தேன். திட்டிட்டுத் திருப்பி வாங்கிக்கிட்டான்."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி, கை கழுவிட்டு வாங்க. சாப்பாடு ஆறுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.